கவுன்சிலர் வண்டியின் டிக் டிக்

டயர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியில் சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் யாரும் அந்தச் சத்தத்தைக் கூடவே கொண்டுவர மாட்டார். வழி நெடுகக் கத்திக்கொண்டு வந்த சக்கரம் நம் கடை வாசலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பல்வலி காணாமல் போகிற கதைதான். அதனால் அவர் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கப்படாமல் கேளுங்கள், அவர்களும் வெட்கப்படாமல் செய்து காட்டுவார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் நான் கடை வைத்திருந்த காலம் முழுக்க இந்தக் கச்சேரி தினமும் நடந்தது. நெசவு வேலை செய்கிறவர் வந்தால் தறிக் கணக்கில் சொல்லுவார்: நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா போய் முட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பலகை விழுகிற மாதிரி ஒரு சத்தம். தவில் வாசிக்கிற ஒருவர் என் மேஜையிலேயே வாசித்துக் காட்டினார். பட்டுப்புடவை வாங்க வந்த கல்யாண வீட்டு மாமி ஒருவர் 'உம்ம்ம்' என்று மூச்சு விடாமல் இழுத்ததில் அவருக்கே தலை சுற்றிப் போய் சோடா வாங்கிக் கொடுத்தோம். ஏனாத்தூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் மட்டும் விவரமாகப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். போட்டுக் கேட்டால், முதலிலிருந்து கடைசி வரை அவர் மனைவி 'மெதுவா போங்க, மெதுவா போங்க' என்று சொல்வதுதான் கேட்டது. அந்த வண்டிக்கு என்ன கோளாறு என்பது எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளரைக் கேட்காதீர்கள். எல்லோரும் முன்பக்கம் இடது சக்கரம் என்றுதான் சொல்லுவார்கள். எப்போது வருகிறது என்று கேளுங்கள். அதற்கு ஒருவர் சொல்லும் பதில் எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சிரிக்காதீர்கள். நான் ஒருமுறை சிரித்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கூரம் போகிற வழியில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் ஒரு கவுன்சிலர். தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம், இவர் காலத்தில் அரசியலும் சேர்த்து விளைவித்தார்கள். வெள்ளை வெளேரென்று பெரிய வண்டி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதை ஓட்டியவர் டேவிட், அதே ஊரின் சர்ச்சுத் தெருக்காரர். அவர் அப்பா அந்தக் கவுன்சிலர் வீட்டு நிலத்தில் கூலிக்கு உழுதவர். மகன் அதே வீட்டு வண்டிக்குச் சாவி வைத்திருந்தார். டேவிட் அதிகம் பேசாத ஆள், வண்டியைத் துடைத்து வைத்திருக்கிற அழகைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கும்.

அவர் முதல் தடவை வந்தபோது சத்தமும் கூடவே வந்தது. டிக் டிக் டிக். வேகம் கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. வேறொரு இடத்தில் பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். நான் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். டயரில் ஆணி ஏறியிருந்தது. ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் அதுவே அடைப்பாக உட்கார்ந்துகொள்ளும், காற்று உடனே இறங்காது. ஆணியின் தலை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டைத் தட்டிக்கொண்டு போகும். பிடுங்கி, துளையை அடைத்து அனுப்பினேன்.

போகும்போது வழக்கம்போலக் கேட்டேன், இது எப்போது வந்தது என்று. டேவிட் கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைவர் முக்கியமான காரியத்துக்குப் போகிற அன்றைக்குத்தான் வருகிறது, இதற்கு முன்னாலும் ஒரு தடவை வந்தது என்றார். ஆணிக்கெல்லாம் அரசியல் தெரியுமா என்று நான் சிரித்துவிட்டேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுபடி வந்தார். கலெக்டர் ஆபீசுக்குப் போன அன்று. அதற்கப்புறம் ஒரு பாலம் திறப்பு விழாவுக்குப் போன அன்று. நடுவில் சந்தைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ தடவை ஓடிய வண்டியில் ஒரு முள்கூட ஏறவில்லை. மூன்றாம் தடவை கவுன்சிலரே வண்டியோடு வந்து இறங்கினார். இது எதிர்க்கட்சிக்காரன் வேலை என்பது அவர் கட்சி. கொஞ்ச நேரம் அதைப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணியைத் தூவுகிறார்களாம் என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "தலைவரே, உங்க ஊருக்கும் என் கடைக்கும் நடுவுல மூணு பஞ்சர் கடை இருக்குது. நான் ஆணி தூவினா லாபம் அவனுங்களுக்குத்தான். நான் இன்னா தர்ம சத்திரமா நடத்தறேன்?" என்றேன். கணக்கு சரியாக இருந்ததால் அவர் அதோடு விட்டார்.

ஆனால் பிடுங்கிய ஆணிகளை நான் தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தச்சு வேலை ஆணி உருண்டையாக இருக்கும். இவை தட்டையாக, தலை சப்பையாக இருந்தன. மாட்டுக் குளம்பில் லாடம் அடிக்கிற ஆணி. ஒன்று வந்தால் தற்செயல். மூன்றும் லாட ஆணி என்றால் எங்கேயோ ஒரு மூட்டை அவிழ்ந்திருக்கிறது. மாடே குறைந்து போன காலத்தில் இவ்வளவு லாட ஆணி ரோட்டில் ஏது?

டேவிட்டையும் கூட்டிக்கொண்டு லாடம் கட்டுகிறவரைத் தேடிப் போனேன். சந்தைமேட்டுப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். மாடு ஒன்றும் இல்லை, அவர் மட்டும் இருந்தார். கவுன்சிலர் வண்டி போகிற வழியில் எங்காவது ஆணி சிந்திவிட்டதா என்று பக்குவமாகக் கேட்டேன். அவர் சலித்துக்கொண்டார். "மாடு எங்கபா வருது? இப்ப ஆணி வாங்கறதெல்லாம் பொம்பளைங்கதான். லாடம் ஒண்ணு, ஆணி நாலுன்னு வாங்கிக்கினு போறாங்க."

வாசல் நிலையில் அடிக்க வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். என் மண்டையில் அன்றைக்கே உறைத்திருந்தால் கதை அந்தப் புளியமரத்தடியிலேயே முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் நிலைமை மோசமானது. ஒரு சக்கரத்தில் இருந்த ஆணி இரண்டு சக்கரத்துக்குப் பரவியது. கவுன்சிலரின் சந்தேகம் எதிர்க்கட்சியையும் என்னையும் சுற்றிவிட்டு டேவிட்டிடம் வந்து நின்றது. வண்டி பக்கத்திலேயே இருப்பவன் அவன் ஒருவன்தான், அவன் கையை மீறி யார் வைக்க முடியும் என்று கட்சிக்காரர்கள் யாரோ ஓதிவிட்டார்கள். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று கவுன்சிலர் சொல்லிவிட்டார்.

டேவிட் என் கடையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து இதைச் சொன்னார். வாங்கிக் கொடுத்த டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. "வேல போனா போவட்டும் மேஸ்திரி. ஆணி வெச்சவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எவன் என்னை நம்பி வண்டி குடுப்பான்?" என்றார். இருபது வருஷம் ஒருவன் ஒழுங்காக வண்டி ஓட்டிச் சேர்த்த பெயரை ஓர் ஆணி கொண்டுபோய்விடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. எம்எல்ஏ சீட்டுக்குக் கட்சியில் நேர்காணல், சென்னைக்குப் போக வேண்டும். கவுன்சிலர் காலையிலேயே வீட்டுக்கு வந்து நாலு டயரையும் பார்த்துவிட்டுப் போகும்படி எனக்குச் சொல்லி அனுப்பினார். டேவிட் பார்த்துச் சொன்னால் நம்ப மாட்டாராம். பையோடு போனேன்.

வீட்டு வாசலில் வெள்ளை வேட்டிகள் ஒரு கூட்டம். எல்லோர் எதிரிலும் ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். ஓர் ஆணிகூட இல்லை. "தலைவரே, சுத்தமா இருக்குது. என் பேர்ல எடுத்துக்கினு போங்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.

அதற்குள் கவுன்சிலர் வீட்டம்மா சரோஜா அம்மா கற்பூரத் தட்டோடு வந்து வண்டியைச் சுற்றினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குனிந்து ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டேவிட் அந்த நேரத்தில் காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தள்ளி நின்று கண்ணை மூடித் தன் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பூஜை செய்யும்போது அவர் பக்கத்தில் நிற்பதில்லை என்று ஆரம்பத்திலேயே இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு. ஆக அந்த வண்டிக்கு இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் உண்டு.

டேவிட் ஏறி வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கட்சிக்காரர்கள் வாழ்க என்றார்கள். வண்டி கேட்டைத் தாண்டிச் சிமெண்டு ரோட்டில் ஏறியதும் டிக் டிக் டிக் என்று கேட்டது. இந்தத் தடவை ஒன்றிரண்டு சக்கரத்துச் சத்தம் இல்லை, அதற்கும் மேலே. அரங்கேற்றத்துக்குச் சலங்கை கட்டிக்கொண்டு போகிற பெண்ணைப் போல வண்டி போனது.

வண்டி நின்றது. கவுன்சிலர் இறங்கிய வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. முதலில் என்னைத்தான் பிடித்தார். இப்போதுதானே பார்த்தாய், என்ன பார்த்தாய், உன் பெயரில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாயே, உன் பெயரே இவ்வளவுதானா என்று கேட்டார். நான் கையில் சோப்பு நுரையோடு நின்றேன். பிறகு டேவிட் பக்கம் திரும்பினார். சத்தம்கூடப் போடவில்லை. "சாவிய வெச்சுட்டுப் போ" என்றார்.

டேவிட் சாவியை பானெட் மேல் வைத்தார்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் நமக்கு இரண்டு தோன்றும். கத்த வேண்டும் என்று தோன்றும், ஓடிவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கு இரண்டும் தோன்றியது. ஆனால் காது பழகிய பழக்கம், உள்ளே அந்தக் கேள்வி தானாக வந்தது: எப்போது? நான் டயரைத் தடவியபோது ஆணி இல்லை. கேட்டைத் தாண்டும்போது இருக்கிறது. நடுவில் இருப்பது பத்தடி மண். அந்த மண்ணில் என்ன இருக்கிறது? நாலு நசுங்கின எலுமிச்சம்பழம்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தப் பழங்களைத் தொடாமல், மிதிக்காமல், காலை அகட்டி அகட்டித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். திருஷ்டி கழித்த பழத்தை யார் தொடுவார்? இத்தனை நாள் யார் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம். நான் போய்க் குனிந்து எடுத்தேன். பின்னால் யாரோ 'ஐயையோ' என்றார். முதல் மூன்று பழத்திலும் சாறும் தோலும்தான். நாலாவது பழத்தில், வளைந்து போய், டயரில் ஏற முடியாமல் படுத்துக் கிடந்தது ஒரு லாட ஆணி.

நிமிர்ந்து பார்த்தேன். சரோஜா அம்மா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் லாடம் கட்டுகிறவர் சொன்ன பொம்பளைங்க யார் என்று புரிந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள். அந்த ஆணியைத் தூக்கிப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் மீளும், டேவிட் பெயர் மீளும். ஆனால் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்க இது சிரிப்பாகச் சிரித்துவிடும். சீட்டு கேட்கப் போனவன் வண்டிக்கு வீட்டுக்காரியே ஆணி வைத்தாளாம் என்று. அந்த அம்மா செய்தது புருஷன் நல்லபடி போய்வர வேண்டும் என்றுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டாலோ, டேவிட் அந்தக் கேட்டை விட்டு ஆணி வைத்தவனாகத்தான் நடந்து போவார்.

பழத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு சரோஜா அம்மாவிடம் போனேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்: "அம்மா, இத நான் சொன்னா ஒரு மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிட்டா வேற மாதிரி. ஆனா சொல்லாம இருக்க முடியாதும்மா. ஒருத்தன் சோறு இருக்குது இதுல."

அவர் டேவிட்டைப் பார்த்தார். டேவிட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோர் நடுவிலும் போய் நின்றார்.

"அவன் இல்லீங்க. மேஸ்திரியும் இல்ல. நான்தான் வெச்சேன்" என்றார்.

அப்புறம் எல்லாம் கடகடவென்று வந்தது. வெறும் எலுமிச்சம்பழம் இந்தத் திருஷ்டிக்குப் பத்தாது, இரும்பு வேண்டும் என்று குறி சொல்லுகிறவர் சொன்னாராம். பழத்துக்குள் லாட ஆணி வைக்க வேண்டும், வருகிற கண்ணைக் குத்துகிற மாதிரி முனை மேலே பார்க்க வேண்டும். சாதாரண நாளைக்கு வேண்டாம், முக்கியமான காரியத்துக்குப் போகும்போது மட்டும். வண்டிக்கு வருகிற தொல்லை நிற்கவில்லை என்று திரும்பப் போனபோது, ஒரு சக்கரம் போதாது, இன்னொன்றுக்கும் வை என்றார். இன்றைக்கு நாலுக்கும் வைக்கச் சொல்லிவிட்டார்.

"ஆணி காணாமப் போனா திருஷ்டி போயிடுச்சுன்னு அர்த்தம்னாரு. ஒவ்வொரு தடவையும் காணாமப் போச்சுங்க" என்று முடித்தார்.

வெள்ளை வேட்டிகள் எல்லாம் தென்னை மரத்தைப் பார்த்தன. ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் அது இருமலாகி, இருமல் நிற்காமல் தெருப்பக்கம் ஓடினார். இன்னொருவர் என் பக்கத்தில் வந்து, அந்தக் குறிக்காரர் எந்த ஊர் என்று மெதுவாக விசாரித்தார். கவுன்சிலர் யாரைத் திட்டுவது என்று பார்த்தார். மனைவியைத் திட்டலாம் என்றால் அவர் தனக்காகத்தான் செய்திருக்கிறார். குறிக்காரரைத் திட்டலாம் என்றால், போன தேர்தலில் ஜெயிப்பீர்கள் என்று சொன்ன அதே ஆள். ஜெயித்த பிறகு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியவரே இவர்தான்.

நான் பையைத் திறந்து மூன்று ஆணியையும் பிடுங்கித் துளைகளை அடைத்தேன். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு அமைதியாக ஒரு பஞ்சர் வேலையைப் பார்த்து நான் கண்டதில்லை. அன்றைக்குப் போய் அவருக்கு சீட்டு கிடைக்கவில்லை என்பது தனி. அதற்கு ஆணியைக் காரணம் சொல்லாதீர்கள், அந்தச் சீட்டுக்கு அவரோடு போட்டி போட்டவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள்.

சத்தத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலையில் பாதிதான். கண்டுபிடித்ததை யார் வாயால் வெளியே வரவிடுவது என்பது மீதிப் பாதி. அதற்கு எந்தக் கருவியும் கடையில் விற்காது. நானும் அன்றைக்கு யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடிக்க மாட்டேன், அந்த அம்மாவுக்கு மனசாட்சி இருந்தது, அதனால் பிழைத்தோம். அவர் பேசாமல் உள்ளே போயிருந்தால் நான்தான் கத்தியிருப்பேன்.

நேரமாகிவிட்டது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். கவுன்சிலர் துண்டைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, வண்டியை எடு என்றார்.

டேவிட் நகரவில்லை. சாவி பானெட் மேலேயே இருந்தது.

கவுன்சிலர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் எல்லாம் தெரிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டார்.

டேவிட் அவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன். குரல் உயரவே இல்லை. "தலைவரே, எங்கப்பா மேல உங்க வீட்டுல ஒரு நெல்லு மூட்டை பழி போட்டாங்க. அப்ப நான் சின்னப் பையன். மூட்டை அப்புறம் களத்துலயே கெடச்சுது. யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லல. அவரும் கேக்கல. சாவற வரைக்கும் அதையே நெனச்சுக்கினு இருந்தாரு. நான் கேக்கறேன்."

மைக் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் கவுன்சிலர். கட்சிக்காரர்களைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார். சரோஜா அம்மா தன் பங்கை எல்லோர் எதிரிலும் சொல்லி முடித்தவர், கண்ணைத் தாழ்த்தாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு அப்புறம் அவருக்குப் போக இடமில்லை.

பானெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "தப்பு என்னுதுதான் டேவிட். உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவையும்தான்" என்றார்.

நான் பையை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

டேவிட் சாவியை வாங்கிக்கொண்டார். வழக்கமாகத் தலைவருக்குப் பின்கதவைத் திறந்து பிடித்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். அன்றைக்கு நேராகப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கவுன்சிலர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவைத் தானே திறந்துகொண்டு ஏறினார்.